முதற்பந்தியில் அமர்க

குன்றுகள் நிலைபெறுக. சுனைகள் மீண்டும் ஊறுக. கடல் தன் எல்லையில் நிற்க. நெடும்பொறை நாட்டையும் அதனைச் சேர்ந்த மேல்காடு, நடுநாடு, கானல் நாடு ஆகியவற்றையும் தாய்வழி வந்த உரிமையால் ஆளும் வெண்குடைச் செல்வி, பொறைமலைக் கோமகள், செங்கோதை நாச்சியாராகிய நாம், கானல் நாட்டுக் காவலரும், கடற்றுறைகளின் பெருந்தலைவரும், மகள்வழி அரசு செல்லும் இந்நாட்டில் எமக்கு மூத்தவராய்ப் பிறந்தும் எம் குடைக்கு ஒருநாளும் பொறாமை கொள்ளாதவரும், எம் தமையனாருமாகிய மாவேள் கொற்றனார்க்கு எழுதுவித்த ஓலை. உம் துறைகளுக்கும் உப்பளங்களுக்கும், உம் காவலில் வாழும் பரதவர், உமணர், உழவர் அனைவர்க்கும் எம் வாழ்த்து உரியதாகுக. உமக்கும் வாழ்த்து. ஆயினும் இம்முறை உமக்குரிய வாழ்த்தைச் சற்றுக் குறைத்தே எழுதுவித்திருக்கிறோம்.

இவ்வோலையை அவையில் வைத்துப் பிரிக்கற்க. உம் ஓலை வாசிப்போரிடமும் தரற்க. தனித்திருந்து நீரே படிக்க. பாதியில் எழுந்துவிட வேண்டும் என்று உமக்குத் தோன்றும், எழற்க. முடியும்வரை அமர்ந்து படிப்பதும் எம் ஆணையில் அடங்கும்.

எம் முன்னோர் வகுத்த கடைப்பந்தி நெறியை உமக்கு எடுத்துரைப்பது மிகை. நீர் அதனை எம்மினும் நன்கறிவீர். எனினும் பின்னர் வருவது ஐயமற விளங்கும்பொருட்டு ஒருமுறை எழுதுவிக்கிறோம். பஞ்சம் வந்த காலத்தில் நாடு காப்பவர் தம் மடைப்பள்ளியை மூடிவிட்டுப் பொதுக் கஞ்சிச்சாலையில், எல்லாரும் உண்ட பின், கடைசிப் பந்தியில் உண்ண வேண்டும். அவர் அமருமுன் சாலை வாயிலில் கொம்பு ஊதி, உண்ணாதார் உளரோ என்று மும்முறை கேட்க வேண்டும். உளேன் என்று ஒரு குரல் எழுந்தால் அவர்க்கு உணவிட்ட பிறகே தலைவர்க்கு இலை. குரல் எழவில்லை எனில் ஊர் உண்டது என்று பொருள். அப்படிக் குரலே எழாத நாட்கள் தொடருமாயின், அந்நாட்டுக் குன்றில் புகை எழுப்புவர். அப்புகை குன்றுக்குக் குன்று தாவித் தலைநகர்க்கு வரும். அதைக் கண்டு நாம் அந்நாட்டுக்குச் செல்லும் தானிய வண்டிகளைப் பசித்திருக்கும் வேறு நாட்டுக்குத் திருப்புவோம். இதில் பிழை ஒன்றும் இல்லை என்றே பல தலைமுறையாக எண்ணி வந்தோம்.

இவ்வாண்டு மழை பொய்த்தபோது நீர் அந்நெறியில் ஒரு முடிச்சைக் கூட்டிப் போட்டீர். பானை வழித்த பின்னரும் குரல் எழுந்தால், இட உணவில்லாத அந்நாளில் நீரும் உண்பதில்லை என்று உப்பளத்து மேட்டில் நின்று சூளுரைத்தீர். உரைத்தபடியே இருந்தீர். பல நாட்கள் குரல் எழுந்தது. அந்நாட்களில் எல்லாம் நீர் உண்ணாமல் எழுந்து போனீர். உம் தோளெலும்பு மேலாடைக்கு வெளியே தெரிந்ததாகவும், உம் குதிரை உம் எடை குறைந்ததை உணர்ந்து துள்ளியதாகவும் எமக்குச் செய்தி வந்தது. அவையோர் கண் கலங்கினர். புலவர் ஒருவர் அங்கேயே உம்மேல் பாட்டுக் கட்டினார். இப்படி ஒருவர் எம் உடன்பிறந்தாராய் வாய்த்தாரே என்று நாமும் தலை நிமிர்ந்து அமர்ந்திருந்தோம்.

ஆவணி பிறந்ததும் கானலில் குரல் அடங்கியது. கொம்பு மும்முறை ஊதியும் மறுமொழி இல்லை. நீர் மனம் நிறைந்து இலைமுன் அமர்ந்தீர். உம் சாலைக்காரர், கேட்பார் இல்லையென்று மறுநாள் உலையில் அரிசியைக் குறைத்தனர். குறைந்த கஞ்சிக்கும் குரல் எழவில்லை. மேலும் குறைத்தனர். பின்னர் குன்றில் புகை எழுந்தது. புகையைக் கண்டு கானலுக்குப் புறப்பட்டு நின்ற வண்டிகளை மேல்காட்டுக்குத் திருப்பியது நாம். அதை மறைக்க மாட்டோம். பழியில் எம் பங்கை நாமே சுமப்போம்.

மேல்காட்டுத் தலைவர் கரும்பூதனாரை நீர் அறிவீர். அவரைச் சுமக்கும் பல்லக்குக்காரர்க்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்று ஒருகால் நீரே எம்மிடம் நகைத்ததுண்டு. பஞ்சத்திலும் அவர் உடம்பு வற்றவில்லை. தாம் கடைப்பந்தியில்தான் உண்பதாக அவர் ஆணையிட்டுக் கூறுகிறார். அதற்குமுன் எத்தனை பந்தியில் உண்கிறார் என்பதை மட்டும் கூறுவதில்லை. கஞ்சிச்சாலையின் நடுவே நின்றுகொண்டு வருகிறவரை எல்லாம் வைகிறார். வருகிறவரும் அவரை வைகின்றனர். கஞ்சி நீர்த்துப் போயிருந்தால் கலத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, இது கஞ்சியா, கழுநீரா என்று கேட்கின்றனர். அங்கே கொம்பு ஊதினால் எழும் கூச்சல் அடங்க நெடுநேரம் ஆகும். அக்கூச்சல் எம் காதுவரை வந்ததால்தான் அங்கே வண்டிகளை அனுப்பினோம். அவரைப் பாட எந்தப் புலவரும் முன்வந்ததில்லை.

அவர் எமக்கு ஓர் ஓலை விடுத்திருந்தார். ஓலை முழுதும் முறையீடு. கானல் நாட்டார் கூட்டங்கூட்டமாய் மலையேறி வந்து தம் சாலையில் உண்கிறார்கள் என்றும், கானலில் பசித்தவர் எவருமில்லை என்று தலைநகர் புகை கண்டு மகிழ்ந்திருக்க, அந்தப் பசியாதவர்கள் தம் பானையை விரலால் வழித்து நக்குவது என்ன முறை என்றும், எம் தமையனாராகிய உம் புகழுக்குத் தம் அரிசி கரைவது தகுமோ என்றும் அதில் கேட்டிருந்தார். வந்தவர்களைத் துரத்தினீரோ என்று அவரை வினவி ஆள் விடுத்தோம். துரத்த எண்ணி வாய் திறக்குமுன் அவர்கள் உண்டு முடித்துவிடுகிறார்கள் என்றும், ஆகவே நாளை துரத்தலாம் என்று நாள்தோறும் விட்டுவிடுவதாகவும் விடை வந்தது. அவ்விடையைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதற்குமேல் சிரிக்க இயலவில்லை.

அப்படி மலையேறி வந்தவர்களுள் ஒருத்தியை எம்மிடம் அழைத்துவரச் செய்தோம். பெயர் பூங்கண்ணி. உம் தென்துறை உப்பளத்தில் உப்பு வாரும் குடியில் மருமகளாய் வந்தவள். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தைக்கு அழவும் வலுவில்லை. முதலில் அவள் எதையும் சொல்ல மறுத்தாள். சொன்னால் மாவேளுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சினாள். உம்மைத் தண்டிக்க மாட்டோம் என்று எம் குடைமேல் ஆணையிட்ட பின்னரே வாய் திறந்தாள். எம் ஓலைநாயகம் அவள் சொல்லைச் செப்பனிட்டு எழுதத் தொடங்கினார். வேண்டா, அவள் வாயில் வந்தபடியே எழுதுக என்றோம். அது வருமாறு:

“மாவேளு ஐயா எங்களுக்காவத்தான் பட்டினி கெடந்தாரு. ஒருத்தரு வாயத் தொறந்தாலும் அன்னைக்கு அவருக்குச் சோறு கெடையாது. எத்தன நாளைக்கித் தாயே அதப் பாத்துக்கிட்டு இருக்கது? எங்க மாமன்தான் சொன்னாரு, யாரும் சத்தம் காட்டாதீய, அந்த மனுசன் ஒரு வாய் தின்னுட்டுப் படுக்கட்டும்னு. ஊருல எல்லாருக்கும் அதுதான் சரின்னு பட்டுது. சொன்னவரு பாயிலயே போயிட்டாரு. சாவையிலயும் கொம்புச் சத்தம் கேட்டுது. கைய வச்சு வாயப் பொத்திக்கிட்டாரு.”

கரும்பூதனாரிடம் மட்டும் கையேந்த எப்படி மனம் வந்தது என்று கேட்டோம். அதற்கு அவள் சொன்னது இது: “அவருகிட்ட என்னம்மா கூச்சம்? அவருதான் தின்னுக்கிட்டே இருக்காரே.”

தமையனாரே, வாயைப் பொத்திக்கொண்டு மாண்ட அவள் மாமனார் பெயர் அழிசி. அவர் ஒருவர்தானா என்று கேட்டோம். பூங்கண்ணி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நீர் மனநிறைவோடு உண்ட ஒவ்வொரு பொழுதிலும் உம் சாலைக்கு வெளியே ஓர் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தது. உம்மை ஏய்க்கவோ இகழவோ அவர்கள் அப்படிச் செய்யவில்லை. உம்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்த உயிரைத்தான் இப்போது விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உம் கண்முன் மெலிந்த உடம்புகள் நடந்தனவே என்று உம்மைக் கடிந்துகொள்ள எண்ணினோம். பஞ்சகாலத்தில் மெலியாதவர் யார்? நீரும் மெலிந்திருந்தீர். தம்மைப் போலவே மெலிந்தவர்களைக் கண்டு எவர்க்கும் ஐயம் எழாது.

பூங்கண்ணி சொன்னதைக் கேட்டு அவையோர் வியந்தனர். எமக்கு வியப்பில்லை. எம் இளம்பருவத்தில் நாம் குறும்பு செய்தால் தந்தையார் அன்று எமக்குச் சோறு கிடையாது என்பார். உடனே நீரும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவீர். தங்கை உண்ணாத வீட்டில் நான் உண்ணேன் என்று தூணருகே போய் நிற்பீர். எல்லாரும் உம்மைப் புகழ்வர். எமக்கோ, எம் பசியோடு உம் பசியையும் சேர்த்துச் சுமப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால் பின்னர் தண்டனை கிடைத்த நாட்களில் உண்டுவிட்டேன் என்று உம்மிடம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டோம். நீரும் நம்பினீர். உம் தங்கை ஒருத்தி அன்று செய்ததைத்தான் இன்று உம் கானல் நாடு முழுவதும் செய்கிறது.

நல்ல தலைவர் யார் என்று எம் அவைப் பெரியோர் நாள்தோறும் எமக்கு எடுத்துரைக்கின்றனர். தன்னலம் அற்றவர் என்கின்றனர். குடிகளோடு துன்புறுபவர் என்கின்றனர். அவ்விரண்டும் உம்மிடம் வேண்டிய அளவுக்குமேல் உண்டு. ஆயினும் கரும்பூதனாரின் நாட்டில் எவரும் சாகவில்லை, உம் நாட்டில் சாகிறார்கள். கரும்பூதனாரை நல்ல தலைவர் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. அவர் வாயையும் வயிற்றையும் நீர் பின்பற்ற வேண்டும் என்றும் சொல்ல மாட்டோம். ஒன்று மட்டும் தெரிகிறது. பசித்தவன் எவரிடம் வந்து, இன்னும் போடு என்று சண்டையிட முடிகிறதோ, அவர் நாட்டில் அவன் பிழைத்துக்கொள்கிறான். எவர் முகத்தைப் பார்த்தவுடன் தன் பசியைச் சொல்ல வெட்கப்படுகிறானோ, அவர் எத்துணை உத்தமர் ஆயினும் அவனுக்குப் பயனில்லை. தலைவரின் நற்குணம் குடிகளுக்குச் செலவு வைக்கக் கூடாது. உம் நற்குணம் அவர்கள் வீடுகளை ஒவ்வொன்றாக வெறுமையாக்கிவிட்டது.

இது கடுமையான சொல் என்பதை அறிவோம். உம்மிடம் இதைச் சொல்ல இந்நாட்டில் வேறொருவர் துணியார் என்பதால் நாமே சொல்கிறோம்.

இவ்வரியைப் படிக்கையில் உம் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பதும் எமக்குத் தெரியும். கடற்கரைக்குப் போய், மணல்மேட்டில் வடக்கு நோக்கி அமர்ந்து, பழைய மறவர்கள் பழிக்கு நாணி உண்ணாது உயிர்விட்டதைப் போல் நீரும் உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணுகிறீர். உம்மை அறியாதவரா நாம்? அவ்வெண்ணம் உமக்குத் தோன்றாமற் போயிருந்தால்தான் நாம் வியந்திருப்போம். அதனைத் தடுக்கவே இவ்வோலை. வேறெந்த ஆணைக்கு நீர் மாறு செய்தாலும் பொறுப்போம். இதற்குப் பொறுக்க மாட்டோம். நீர் வடக்கிருந்தால் கானல் நாட்டார் என்ன செய்வர்? தங்கள் பசியை மறந்து உம்மைச் சூழ்ந்து அமர்வர். உமக்கு நிழல் கட்டுவர். உமக்காகத் தாமும் உண்ணாதிருப்பர். நீர் இறந்த பின் உமக்குக் கல் நடுவர். அந்தக் கல்லுக்கு முன் நின்று, இனி எங்கள் பசியை யாரிடமும் சொல்லோம் என்று சூளுரைப்பர். உம் மானம் காக்கப்படும். அழிசியைப் போல இன்னும் எத்தனை பேர் பாயில் கிடந்து வாயைப் பொத்திக்கொள்வர் என்பதை நீரே எண்ணிப் பார்க்க. உம் உயிர் உமக்கு வேண்டாததாகத் தோன்றலாம். இப்போது அது கானலுக்கு வேண்டும். எமக்கும் வேண்டும், அதை மறைத்துப் பேசும் வயதை நாம் கடந்துவிட்டோம்.

ஆகவே எம் ஆணை இது. கானல் நாட்டில் கடைப்பந்தி நெறியை இன்றோடு நிறுத்தி வைக்கிறோம். உண்ணாதார் உளரோ என்று இனி எவரும் எவரையும் கேட்கற்க. பொழுது சாய்ந்து கொம்பு ஊதுவதும் ஒழிக. காலையில் உலை இறக்கியதும் ஊதுக. கேள்விக்காக அன்று, வந்து உண்ணுங்கள் என்று அழைப்பதற்காக. அவ்வேளையில் நீர் சாலையின் நடுவே, வாயிலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில், முதற்பந்தியின் முதல் இலையில் அமர்க. வயிறு நிறைய உண்க. அரைகுறையாக உண்டு எழற்க. ஊருக்குத் தெரியாமல் பின்னர் எடுத்துத் தரலாம் என்று இலையில் ஒதுக்கி வைக்கவும் வேண்டா. அக்குணம் உமக்கு உண்டு. நீர் உண்டுவிட்டீர் என்பதை ஊர் கண்ணால் காண வேண்டும். அதன் பின்னரே உம் முகத்துக்கு நேரே, எனக்குப் போதவில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரும். முதலில் உமக்கு இது நஞ்சு போல இருக்கும். பட்டினி கிடப்பதை எளிதாகச் செய்தவர்தானே நீர். கடினமானதையும் ஒருமுறை செய்து பார்க்க.

உம்மேல் கட்டிய பாட்டை எவரும் உம் நாட்டில் பாடற்க. இங்கே அப்புலவர்க்கும் சொல்லிவிட்டோம். அவர் வருத்தப்பட்டார்; வேறு பாட்டுக்குப் பரிசில் தந்து அனுப்பினோம்.

இவ்வோலையோடு தானிய வண்டிகள் வருகின்றன. எம் களஞ்சியத்து நெல்லும், நடுநாட்டுக் கேழ்வரகும் அவற்றில் உள்ளன. கரும்பூதனாரும் வண்டிகள் அனுப்பியிருக்கிறார். அனுப்புகையில் உம்மையும் எம்மையும் எம் முன்னோரையும் சேர்த்து வைதாராம். வண்டியில் மூட்டை குறையவில்லை. வரும் வண்டிகளை எதிர்கொண்டு வணங்கி நிற்கற்க. அன்றே உலை ஏற்றுக.

பூங்கண்ணி அவ்வண்டிகளோடு ஊர் திரும்புகிறாள். அவள் குழந்தை இப்போது அழுகிறது, நன்றாகவே அழுகிறது. முதல் நாள் அவள் உமக்கு எதிரே அமர்ந்து உண்பாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கற்க. கேட்டால் அவள் கலத்தைக் கீழே வைத்துவிட்டு உம்மைத் தேற்றத் தொடங்குவாள். மாமனைப் பறிகொடுத்தவளுக்கு அந்த வேலையும் வேண்டா. அழிசிக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை மழை பெய்த பின் அவள் குடியாரிடம் கேட்டுச் செய்க. அதுவரை உம் துயரத்தை உம் அறைக்குள் வைத்துக்கொள்க. தாங்க முடியாவிடில் எமக்கு எழுதுக. இரவோ பகலோ, படிப்போம்.

எம் மடைப்பள்ளித் தலைவர் நற்சேந்தனார் கையில் இவ்வோலையைக் கொடுத்து விடுத்திருக்கிறோம். படைத்தலைவர் எவரையும் அனுப்பவில்லை. நற்சேந்தனார் உம் சாலையிலேயே தங்கி, நாள்தோறும் உமக்கு நேரே நின்று பரிமாறுவார். உம் இலை வெறுமையானதா என்று பார்ப்பார். நீர் நலமாய் இருக்கிறீர், நாடு உம்மை வாழ்த்துகிறது என்றெல்லாம் அவர் எமக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம். அத்தகைய செய்தி வந்தால் அஞ்சுவோம். கானல் நாட்டார் ஒருவர், ஆணோ பெண்ணோ, உம் நிறைந்த இலையைப் பார்த்துவிட்டு, எங்கள் பிள்ளைகள் நிற்கையில் உமக்கு எப்படித் தொண்டைக்குள் இறங்குகிறது என்று எல்லார் காதிலும் விழும்படி உம்மை வைதார் என்று அவர் எழுதும் நாளில், கானல் பிழைத்தது என்று கொள்வோம். அன்று எம் நகர வாயிலில் முரசு அறையச் சொல்வோம். அந்த வசவுக்கு நீர் விடை சொல்லற்க. வைதவர்க்கு இன்னும் ஓர் அகப்பை ஊற்றச் சொல்க.

குடை நிழல் நீள்க. உலைகள் கொதிக்க. கடல்நாடும் மலைநாடும் ஒரு பானையில் உண்க. பொறைமலை நகர் அரண்மனையில், அவையோர் அறிய, நாமே சொல்லி எழுதுவித்து, எம் வேங்கைப் பூ முத்திரை இட்டோம். இது செங்கோதை நாச்சியாரின் ஆணை.

ஓலை முடிந்தது. வெளியே நற்சேந்தனார் இலை போட்டுவிட்டு நிற்கிறார். எழுந்து கை கழுவுக.